ஒரே முறுக்குவிசை, இரண்டு குணம்: ஹிமாலயன் 450, கேடிஎம் 390 அட்வென்ச்சர்

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பைக்கின் அதிகபட்ச முறுக்குவிசை, அதாவது எஞ்சினின் சுழற்றும் பலம், 40 நியூட்டன் மீட்டர். கேடிஎம் 390 அட்வென்ச்சருக்கு 39. இரண்டிலும் முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் இரண்டிலும் 43 மி.மீ. தடிமன், மேலும் கீழும் 200 மி.மீ. போய்வரும். தரையிலிருந்து அடிவயிறு வரை ஒன்றில் 230 மி.மீ., மற்றதில் 227. இருக்கை உயரம் 825, 830. விவரப்பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்கு இவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகத்தான் தெரியும்.

இரண்டையும் ஒரே நாளில், ஒரே மலைப்பாதையில், மாற்றி மாற்றி ஓட்டிய யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பத்தாவது நிமிடத்திலேயே குணம் வேறு என்று கைக்குத் தெரிந்துவிடும். அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. மூன்று லட்ச ரூபாயை ஒட்டிய வண்டி என்பது நம்மில் பலருக்கு இரண்டு மூன்று வருடச் சேமிப்பு. யாரோ ஒருவர் கொடுத்த மதிப்பெண்ணை நம்பி அந்தப் பணத்தைப் போடுவதைவிட, வண்டியின் உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டு போடுவது நல்லது.

எதிரெதிர் திசையிலிருந்து வந்தவர்கள்

முதல் ஹிமாலயன் 2016இல் வந்தது. 411 சிசி, காற்றாலும் ஆயிலாலும் குளிரும் எஞ்சின், ஐந்து கியர், 24 குதிரைத்திறனைச் சற்றே தாண்டிய சக்தி. நெடுஞ்சாலையில் 100ஐத் தாண்டினால் மூச்சு வாங்கும். ஆனால் லடாக், ஸ்பிதி போன்ற இடங்களில் கல்லிலும் மண்ணிலும் நாள் முழுக்க அசராமல் போகும். அதன் எஞ்சினில் சிலிண்டர் விட்டம் 78 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரமான ஸ்ட்ரோக் 86 மி.மீ. விட்டத்தைவிட ஸ்ட்ரோக் நீளம். புல்லட் காலத்திலிருந்து வந்த குடும்பக் குணம் அது.

கேடிஎம் 390 அட்வென்ச்சர் இந்தியாவுக்கு வந்தது 2020 ஜனவரியில். 373 சிசி, 43 குதிரைத்திறனுக்கு மேல், ஆறு கியர். டியூக் என்ற சாலை பைக்கின் எஞ்சின்தான் அது. சிலிண்டர் விட்டம் 89 மி.மீ., ஸ்ட்ரோக் வெறும் 60. சக்கரங்கள் அலாய், முன்சக்கரம் 19 அங்குலம். அட்வென்ச்சர் என்று பெயர் இருந்தாலும் தார்ச்சாலையில்தான் அதற்கு உயிர். ஆஸ்திரியாவின் மாட்டிக்ஹோஃபன் ஊரில் பிறந்த கேடிஎம், பாலைவனங்களைக் கடக்கும் டக்கார் ராலி பந்தயத்தில் 2001 முதல் 2019 வரை தொடர்ந்து 18 முறை வென்ற நிறுவனம். அந்தப் பெயரை நம்பி வாங்கிய பலரும் கரடுமுரடான பாதையில் அந்த வண்டியிடம் இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்தார்கள்.

அடுத்த தலைமுறைக்கு வந்தபோது இரண்டு நிறுவனங்களும் செய்த வேலையைப் பாருங்கள். 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450இல் சிலிண்டர் விட்டம் 84 மி.மீ. ஆக வளர்ந்தது, ஸ்ட்ரோக் 81.5க்குக் குறைந்தது. ராயல் என்ஃபீல்டு வரலாற்றில் முதன்முறையாக ரேடியேட்டரும் கூலன்ட்டும் வந்தன. ஆறாவது கியர் வந்தது. சக்தி 40 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்). 2025 பிப்ரவரியில் வந்த புதிய 390 அட்வென்ச்சரில் விட்டம் அதே 89தான். ஸ்ட்ரோக் 60இலிருந்து 64 ஆக நீண்டு, எஞ்சின் கிட்டத்தட்ட 399 சிசி ஆனது. அலாய் போய் ஸ்போக் சக்கரம் வந்தது. முன்சக்கரம் 21 அங்குலம் ஆனது. சக்தி 46 பிஎஸ். மலைக்காரன் நெடுஞ்சாலையை நோக்கியும், நெடுஞ்சாலைக்காரன் மலையை நோக்கியும் நடந்து வந்திருக்கிறார்கள். நெருங்கிவிட்டார்கள், ஆனால் இன்னும் சந்திக்கவில்லை. 81.5க்கும் 64க்கும் நடுவில் இருக்கும் பதினேழரை மில்லிமீட்டரில்தான் இரண்டு வண்டிகளின் குணமும் அடங்கியிருக்கிறது.

ஸ்ட்ரோக் என்ன செய்கிறது?

எஞ்சின் ஒரு சுற்று சுற்றும்போது பிஸ்டன் ஒருமுறை மேலேயும் ஒருமுறை கீழேயும் போகிறது. ஸ்ட்ரோக் நீளமாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஓட வேண்டிய தூரம் அதிகம். ஹிமாலயன் தன் முழுச் சக்தியைக் கொடுக்கும் 8,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 8,000 சுற்று) அதன் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 21.7 மீட்டர். கேடிஎம் முழுச் சக்தி கொடுக்கும் 8,500இல் அதன் பிஸ்டன் நொடிக்கு 18 மீட்டர்தான் ஓடுகிறது. அதிகமாகச் சுற்றும் எஞ்சினில் பிஸ்டன் மெதுவாக ஓடுகிறது என்பது முதலில் கேட்கக் குழப்பமாக இருக்கும். ஆனால் அதுதான் விஷயம். கேடிஎம்முக்கு இன்னும் மேலே போகத் தெம்பு மிச்சம் இருக்கிறது. ஹிமாலயன் தன் எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

அதோடு, அகலமான சிலிண்டருக்கு மேலே பெரிய வால்வுகளை வைக்க இடம் கிடைக்கும். பெரிய வால்வு என்றால் வேகமான சுற்றில் காற்று தாராளமாக உள்ளே வரும். மெதுவான சுற்றில் அதே பெரிய வாசலில் காற்று சோம்பலாக நுழையும்; பெட்ரோலுடன் கலப்பது சுமார்தான். சிறிய வாசலில் காற்று விரைந்து நுழைந்து நன்றாகக் கலக்கும், ஆனால் சுற்று ஏறினால் வாசல் போதாமல் போகும். எஞ்சின் வடிவமைப்பாளர் எந்தப் பக்கம் சாய்வது என்று முடிவு செய்தே ஆக வேண்டும். இரண்டு பக்கமும் முழுசாகக் கிடைக்காது.

இதை விவரப்பட்டியலில் இருக்கும் எண்களைக் கொண்டே சரிபார்க்கலாம். ஹிமாலயனின் 40 நியூட்டன் மீட்டர் 5,500 ஆர்பிஎம்மில் கிடைக்கிறது. 8,000இல் 40 பிஎஸ் என்றால், அந்த இடத்தில் முறுக்குவிசை 35 நியூட்டன் மீட்டராக இறங்கியிருக்கிறது என்று கணக்கு சொல்கிறது. கேடிஎம்மின் 39 நியூட்டன் மீட்டர் 6,500இல் கிடைக்கிறது. 8,500இல் 46 பிஎஸ் என்றால் அங்கே இன்னும் 38 இருக்கிறது. ஒரே ஒரு நியூட்டன் மீட்டர்தான் இழப்பு. மேலே போகப் போக ஹிமாலயன் களைக்கிறது, கேடிஎம் களைப்பதில்லை. கீழே வந்தால் நிலைமை தலைகீழ்: 3,000 ஆர்பிஎம்மிலேயே முறுக்குவிசையில் 90 சதவீதம் கிடைத்துவிடும் என்று ராயல் என்ஃபீல்டு சொல்கிறது. ஓட்டிப் பார்த்தால் அது மிகையான பேச்சாகத் தெரியவில்லை.

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். எனக்கு இந்த வித்தியாசம் கையிலும் காலிலும் புரிந்தது அங்கேதான். முன்னால் ஒரு அரசுப் பேருந்து, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் திரும்புகிறது. ஹிமாலயனில் இரண்டாவது கியர். ஆர்பிஎம் 2,500 பக்கம் இறங்குகிறது. கிளட்சைத் தொடவில்லை. பேருந்தின் பின்பக்கம் நிமிர்ந்ததும் ஆக்சிலரேட்டரைத் திருகினால், அடித்தொண்டையில் ஒரு உறுமல் உறுமிவிட்டு வண்டி ஏற்றத்தை இழுத்துக்கொண்டு போகிறது. மறுமுறை கேடிஎம்மில் அதே வளைவு, அதே மாதிரி ஒரு பேருந்து. இரண்டாவது கியரில் விட்டால் இடது கையின் இரண்டு விரல்கள் தானாகக் கிளட்சுக்குப் போகின்றன. முதல் கியருக்கு இறங்கினால் வண்டி உடனே விழித்துக்கொள்கிறது. 70 வளைவிலும் இதைச் செய்துவிட்டு சோளக்காட்டில் டீக்கடை முன் நிறுத்தும்போது இடது மணிக்கட்டு அதைச் சொல்லும்.

ஆனால் நடுவில், பேருந்தைத் தாண்ட இருநூறு அடி நேர்ப்பாதை கிடைக்கிறதே, அங்கே ஹிமாலயன்காரர் ஒரு நொடி யோசிப்பார். கேடிஎம்காரர் யோசிப்பதற்குள் தாண்டியிருப்பார். 6,000க்கு மேல் அந்த எஞ்சின் பாடும் பாட்டுக்காகவே அதை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

காற்றே இல்லாத உயரத்தில்

இந்த வகை வண்டி வாங்கும் தமிழ்நாட்டுக்காரர்களில் பாதிப்பேர் மனதிலாவது லடாக் இருக்கும். கர்துங் லா கணவாயில் நிற்கும் பழைய பலகை 18,380 அடி என்று சொன்னது. துல்லியமாக அளந்தவர்கள் 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி என்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். நமக்கு மூச்சு திணறுவது போலவே எஞ்சினுக்கும் திணறும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், காற்று குறைந்ததை உணர்ந்து பெட்ரோலையும் அளவாகக் குறைத்துக் கலவையைச் சரியாக வைத்திருக்கும். அந்தக் காலக் கார்புரேட்டர் போல கரும்புகை கக்காது. ஆனால் இல்லாத காற்றை அதனால் உண்டாக்க முடியாது. குளிரில் காற்று கொஞ்சம் அடர்த்தியாக இருப்பது ஓரளவு கைகொடுத்தாலும், 40 குதிரையில் இருபத்துச் சொச்சம்தான் மிஞ்சும்.

அந்த உயரத்தில் நாம் யாரும் 8,000 ஆர்பிஎம்மில் ஓட்டப் போவதில்லை. கல்லும் பனி உருகிய நீரும் ஓடும் பாதையில் முதல், இரண்டாம் கியரில் 2,500க்கும் 4,000க்கும் நடுவில்தான் ஊர்ந்து போவோம். அந்த மெதுவான சுற்றில் இரண்டு எஞ்சின்களும் மூச்சை முழுசாக இழுக்க நேரம் கிடைப்பதால், யாருக்குப் பெரிய நுரையீரல் என்பதுதான் கேள்வி. 452 சிசிக்கும் 399 சிசிக்கும் 13 சதவீத வித்தியாசம். எடையில் ஹிமாலயன் 196 கிலோ, கேடிஎம் 183 கிலோ. 75 கிலோ ஆளும் 20 கிலோ மூட்டையும் ஏறினால் 291, 278. அதாவது எடையில் கூடுதல் 5 சதவீதம்கூட இல்லை. காற்றில் கூடுதல் 13 சதவீதம். மலையில் ஹிமாலயன் நிதானமாக இழுப்பதன் ரகசியம் இதுதான்.

இதே மொத்த எடையை முழுச் சக்தியோடு வைத்துப் பார்த்தால், டன்னுக்கு ஹிமாலயன் 137 பிஎஸ், கேடிஎம் 165. இருபது சதவீதம் கேடிஎம் பக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குப் போகும் ஆறுவழிச் சாலையில் லாரிகளைத் தாண்டும்போது இந்த இருபது சதவீதம் பேசும்.

எடை எங்கே தெரியும்

பதின்மூன்று கிலோவில் பெட்ரோல் டேங்க் வித்தியாசத்தால் வருவது இரண்டு கிலோவுக்கும் குறைவு. மிச்சம் முழுக்க இரும்பும் அலுமினியமும். ஓடும்போது இது தெரியாது. வண்டி படுத்துவிட்டால் தெரியும்.

மழை பெய்து ஓய்ந்த செம்மண் பாதையில் இந்த எடை வண்டிகள் சாய்ந்தால், பதற்றத்தில் முன்னால் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துத் தூக்கப் பார்ப்போம். இடுப்பு பிடித்துக்கொள்ளும். எஞ்சினை அணைத்து, கியரில் விட்டு, வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்துவிட வேண்டும். ஹேண்டில்பாரைத் தரைப்பக்கமாக முழுசாகத் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கை ஹேண்டில் பிடியில், மறு கை பின்பக்கக் கம்பியில். முதுகை நேராக வைத்துக் கால்களால் பின்னோக்கி நடந்து எழ வேண்டும். இப்படிச் செய்தால் இரண்டையும் ஒற்றை ஆளாகத் தூக்க முடியும். ஆனால் மூன்றாவது முறை விழும்போது 183க்கும் 196க்கும் உள்ள வேறுபாடு உடம்பில் ஏறும். மண்பாதையில் இப்போதுதான் பழகுகிறவருக்கு, அதுவும் உயரம் குறைவானவருக்கு, நான் இதைச் சின்ன விஷயமாக எண்ணமாட்டேன்.

சஸ்பென்ஷனில் இருவரும் ஒரே தூரத்தைக் கொடுத்தாலும் அதை ஆளும் உரிமை வேறு. ஹிமாலயனில் ஷோவா நிறுவனத்தின் ஃபோர்க். திருகி மாற்றுவதற்கு அதில் எதுவும் இல்லை. பின்பக்க ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மட்டும் மாற்றலாம். கேடிஎம்மின் ஃபோர்க் டபிள்யூபி நிறுவனத்துடையது; அதில் அமுங்கும் வேகத்தையும், அமுங்கியபின் எழும் வேகத்தையும் தனித்தனியாக மாற்ற மேலே சிறு திருகிகள் உண்டு. பின்பக்கமும் எழும் வேகத்தை மாற்றலாம். வேகத்தடை ஏறி இறங்கியதும் பின் இருக்கை உங்களைத் தூக்கிப் போடுகிறதா? எழும் வேகம் அதிகம் என்று அர்த்தம். இரண்டு கிளிக் இறுக்கினால் அடங்கும். மனைவியையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு ஒரு வாரம், தனியாக மண்ணில் ஒரு வாரம் என்று ஓட்டுபவருக்கு இது வரம். தொடவே போவதில்லை என்பவருக்கு, நம் ஊர்ச் சாலைக்குத் தோதாக மென்மையாகவே அமைந்துவந்த ஹிமாலயன் குறையாகத் தெரியாது.

எலெக்ட்ரானிக்ஸ்

இந்தப் பக்கத்தில் கேடிஎம் தெளிவாக முன்னால் நிற்கிறது. மேல்நிலை மாடலில் வேகத்தை அப்படியே பிடித்துவைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல், கிளட்ச் இல்லாமல் கியர் மாற்றும் க்விக்‌ஷிஃப்டர், பின்சக்கரம் வழுக்கிச் சுற்றினால் சக்தியைக் குறைக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் வளைவிலும் காக்கும் வளைவு ஏபிஎஸ் என எல்லாம் உண்டு. ஹிமாலயனில் எலெக்ட்ரானிக் த்ராட்டில் இருக்கிறது, எகோ, பெர்ஃபாமன்ஸ் என்று இரண்டு மோடுகள் இருக்கின்றன. டிராக்‌ஷன் கன்ட்ரோல் கிடையாது.

இவற்றில் உயிரோடு சம்பந்தப்பட்டது வளைவு ஏபிஎஸ்தான். டயரின் பிடிப்பு ஒரு அளவுக்குத்தான் உண்டு. வண்டி சாய்ந்து திரும்பும்போது அதில் பெரும்பங்கை வளைவே எடுத்துக்கொள்கிறது. பிரேக்குக்கு மிச்சம் கொஞ்சம்தான். மூணாறு பாதையில் வளைவு நடுவில் மாடு நிற்கிறது என்று பிரேக்கை அழுத்தினால், சாதாரண ஏபிஎஸ் சக்கரம் வழுக்க ஆரம்பித்த பிறகுதான் விழிக்கும். சாய்ந்த நிலையில் அது பல நேரம் தாமதம். வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளக்கும் கருவி இருந்தால், பிரேக் அழுத்தத்தையே ஆரம்பத்திலிருந்து அளவாக ஏற்றும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் நிறைய ஓட்டுபவர் இதற்காக மட்டுமே கூடுதல் பணம் கொடுத்தாலும் நான் சரி என்பேன்.

மண்ணில் நேர்மாறு. இறக்கத்தில் சரளைக்கல்லில் பின்சக்கர ஏபிஎஸ் வேலை செய்தால், பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து வண்டி நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கும். சக்கரம் பூட்டிக்கொண்டால் முன்னால் மண்ணைக் குவித்து அதுவே தடையாகி நிற்கும். அதனால்தான் இரண்டு வண்டியிலும் பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்க வழி வைத்திருக்கிறார்கள். மண்ணைவிட்டுத் தாருக்கு ஏறியதும் அதை மறுபடி போட்டுவிட்டோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹிமாலயனின் வட்டத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. போனோடு இணைத்தால் கூகுள் மேப்ஸ் முழுசாக அந்த நான்கு அங்குலத் திரையில் வரும், போன் பாக்கெட்டில் இருக்கலாம். வெறும் வசதி என்று இதை நினைக்க வேண்டாம். பைக் எஞ்சினின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. ஹேண்டில்பாரில் போன் மாட்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போவோருக்கு இது நேரடிச் செலவு.

ட்யூபும் டேங்கும்

ஸ்போக் சக்கரம் கல்லில் அடிபட்டால் வளையும், அலாய் மாதிரி உடையாது. பள்ளத்தில் இறங்கி ஏறும் வண்டிக்கு அதுவே சரி. ஆனால் சாதாரண ஸ்போக் சக்கரத்தில் கம்பிகள் ரிம்மைத் துளைத்துப் போவதால் காற்று நிற்காது. உள்ளே ட்யூப் வேண்டும். சில வருடங்களுக்கு முன் ட்யூப் டயர் போட்ட ஒரு வண்டியில் ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூருக்குப் போகும் வழியில் பின்சக்கரத்தில் ஆணி ஏறியது. ட்யூப் இல்லாத டயராக இருந்தால் ஆணியைப் பிடுங்கி, பசை தடவிய திரியைத் துளையில் செருகி, காற்றடித்துப் பத்து நிமிடத்தில் கிளம்பியிருப்பேன். அன்று சக்கரத்தைக் கழற்றி, டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. லீவர் போட்டு டயரை நெம்பும்போது ட்யூபைக் கடித்து இன்னொரு ஓட்டை. ஒட்டி முடித்தபோது இருட்டிவிட்டது. உதவிக்கு வந்த மலைவாழ் பெரியவர் தன் கைவிளக்கைக் கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

அதனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. 390 அட்வென்ச்சரின் ஸ்போக் சக்கரங்கள் ட்யூப் இல்லாதவையாகவே வந்தன. ஹிமாலயன் 450 வெளிவந்தபோது இந்தியாவில் ட்யூபுடன்தான் வந்தது. ட்யூப் இல்லாத ஸ்போக் சக்கரம் பின்னால்தான் கூடுதல் விலைக்குச் சேர்ந்தது. பழைய ஹிமாலயனைக் கைமாற்றி வாங்குபவர்கள் சக்கரத்தைப் பார்த்து விலை பேசுங்கள்.

டேங்கில் ஹிமாலயன் ஈடுகட்டுகிறது: 17 லிட்டர், கேடிஎம்மில் 14.5. மணாலியிலிருந்து லே போகும் பாதையில் தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்க்கில் பல வருடங்களாக ஒரு பலகை நின்றது: அடுத்த பங்க் 365 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைக் கேன் இல்லாமல் கடக்க ஹிமாலயன் லிட்டருக்கு 21.5 கிலோமீட்டர் கொடுத்தால் போதும். கேடிஎம் 25க்கு மேல் கொடுக்க வேண்டும். சமவெளியில் இரண்டும் அதைத் தாண்டிக் கொடுக்கும். மூட்டையோடு, முதல் இரண்டு கியரிலேயே கணவாய்களை ஏறும் நாளில் 25 என்பது ஒவ்வொரு மேட்டிலும் மீட்டரைப் பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டிய எண்.

ஆலையும் வரியும்

ஹிமாலயன் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலைகள் வைத்திருக்கும் நிறுவனத்தின் வண்டி. 1955இல் சென்னையில் புல்லட்டைத் தயாரிக்கத் தொடங்கிய கதையின் தொடர்ச்சி. 390 அட்வென்ச்சர் புனே பக்கத்தில் சாகனில், பஜாஜ் ஆலையில் உருவாகிறது. 2024 நவம்பரில் ஆஸ்திரியாவில் கேடிஎம் திவால் நடவடிக்கைக்குப் போனபோது, வாங்கியவர்களும் வாங்க இருந்தவர்களும் கலங்கிப்போனார்கள். உதிரிபாகம் கிடைக்குமா என்ற கேள்வி நியாயமானது. அடுத்த ஆண்டே பஜாஜ் பணம் போட்டு அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. 2007இல் சிறு பங்குதாரராக நுழைந்தவர்கள் அவர்கள். இந்தியாவில் ஓடும் 390 வண்டியைப் பொறுத்தவரை, தயாரிப்பவரே உரிமையாளராகவும் ஆகியிருக்கிறார். எனவே இந்தக் காரணத்துக்காக அதை ஒதுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

விலையில் தொடக்கத்தில் இடைவெளி பெரிது. ஹிமாலயன் 2.69 லட்சத்தில் அறிமுகமானது. எல்லா வசதியும் கொண்ட 390 அட்வென்ச்சர் 3.68 லட்சத்தில் வந்தது. 19 அங்குல அலாய் சக்கரத்தோடு வந்த எக்ஸ் மாடல் 2.91 லட்சம். இவை எல்லாம் ஷோரூம் விலை, சாலை வரியும் இன்சூரன்ஸும் தனி. அதன்பின் 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆனது. முன்பு செஸ் சேர்த்து 31. அதே நாளில் 350 வரையிலான வண்டிகளுக்கு 28இலிருந்து 18ஆகக் குறைந்தது. இரண்டு வண்டிகளும் கோட்டுக்கு மேலே, 40 சதவீதப் பக்கம். நல்ல பிரேக்கும் நல்ல சஸ்பென்ஷனும் உள்ள வண்டியை ஆடம்பரப் பொருளாகக் கருதி வரி போடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அந்தச் சுமை வாங்குபவர் தலையில்தான்.

எதை வாங்குவது? தென்னிந்திய மலைகளில் வார இறுதிப் பயணம், நாலுவழிச் சாலையில் நீண்ட ஓட்டம், மழையில் வளைவு என்பது உங்கள் வழக்கமானால், பணம் இடங்கொடுத்தால், கேடிஎம். மூட்டையும் துணையும் ஏற்றிக்கொண்டு, அவசரமே இல்லாமல், வாரக்கணக்கில் சுற்றுபவருக்கு ஹிமாலயன், ட்யூப் இல்லாத சக்கரத்தோடு. இது என் கணக்கு. உங்கள் கணக்கைப் போட ஒரு வழி உண்டு. டெஸ்ட் ரைடுக்குத் தனியாகப் போகாதீர்கள்; வழக்கமாகப் பின்னால் உட்காருபவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். காலியான சாலையில் மூன்றாவது கியர் போட்டு, வேகத்தை 30க்குக் கொண்டுவந்து, கிளட்சைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை முழுசாகத் திருகுங்கள். பிறகு அதே சாலையில் திரும்பி வரும்போது நான்காவது கியரில் 70இலிருந்து 100 வரை போய்ப் பாருங்கள். ஷோரூமில் இறங்கியதும் பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம் எந்த வண்டியில் இருக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார் என்று கேளுங்கள்.